சேர்வராயன் மலையைக் காக்கும் முடிவில் மலைமக்களுக்கு என்ன இடம்?

காட்டைக் காக்க வேண்டும் என்று சொன்னால் மறுப்பவர் யாரும் இல்லை. எதைக் காப்பது, எப்படிக் காப்பது, அதற்காக யார் எதை விட்டுக்கொடுப்பது என்று அடுத்த கேள்விகளுக்குப் போகும்போதுதான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. சேலத்திலிருந்து, சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்குப் போகும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இருபுறமும் தெரிகிற காட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே விறகு பொறுக்கலாமா, கடுக்காய் எடுக்கலாமா, மாடு மேய்க்கலாமா, மேலே இன்னொரு சொகுசு விடுதி கட்டலாமா, மலையுச்சியில் தாது வெட்டலாமா என்பதெல்லாம் யாரோ ஓர் இடத்தில் உட்கார்ந்து எடுக்கும் முடிவுகள். எவருடைய அன்றாட வாழ்க்கை அந்த முடிவால் மாறுமோ அவர்களும் அந்த இடத்தில் இருக்க வேண்டும், அவர்கள் சொல்வதற்கு முடிவை மாற்றும் வலு இருக்க வேண்டும். பல்லுயிர்ப் பாதுகாப்பில் சமூகங்களின் உரிமை, அனைவரையும் உள்ளடக்கிய பங்கேற்பு என்றெல்லாம் ஐ.நா. ஆவணங்களும் நம் சட்டங்களும் பேசுவதன் சாரம் இவ்வளவுதான்.

சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் பேசுபவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகச் சொல்லும் வாய்மொழிக் கதை உடையவர்கள். ஏற்காடு வட்டத்தில் பெரும்பான்மையினர் இவர்களே. சாமையும் ராகியும் விதைப்பார்கள்; கடுக்காய், நெல்லிக்காய், தேன், துடைப்பத்துக்கான புல் ஆகியவற்றைக் காட்டிலிருந்து சேகரிப்பார்கள்; இன்று பலர் காபித் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார்கள். அந்தக் காபி 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் மலைக்கு வந்தது. பிறகு ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் சோலைகளை வெட்டித் தோட்டம் போட்டார்கள். எஞ்சிய காட்டில் பெரும்பகுதி 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வகுத்த முறையில் காப்புக்காடாக, அதாவது அரசு அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாத காடாக, ஆனது. காட்டில் உரிமை உள்ளவர்கள் வன நிர்ணய அதிகாரி முன் வந்து கோரலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இடம் இருந்தது. எழுத்தறியாமல், அறிவிப்பு வந்ததே தெரியாமல் மலைமேல் வாழ்ந்தவர்களுக்கு அது எந்த அளவு உதவியிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். வாய்ப்பு காகிதத்தில் இருப்பதும் கைக்கு எட்டுவதும் வேறு வேறு என்பதற்கு இந்த மலையில் நூறாண்டுக்கு மேற்பட்ட சாட்சி இருக்கிறது.

உரிமை இல்லாத பங்கேற்பு நிற்காது

புதிதாக இதைப் படிக்க வருகிறவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது உரிமையையும் பங்கேற்பையும். உரிமை இல்லாத ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்தால் அது அழைத்தவரின் பெருந்தன்மை. அடுத்த முறை அழைக்காமலும் விடலாம். யாரும் கேள்வி கேட்க முடியாது. சட்டம் உரிமை கொடுத்திருக்கும் ஒருவரை விட்டுவிட்டு முடிவெடுத்தால், அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போக முடியும். அதனால்தான் மலைப்பகுதி மக்களோடு வேலை செய்கிறவர்கள் பட்டா, கிராம சபை, தீர்மானம் என்று இந்த மூன்றைப் பற்றியே ஓயாமல் பேசுகிறார்கள்.

இந்த உரிமைகளில் முதன்மையானது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். வீட்டுக்கும் சாகுபடி நிலத்துக்கும் தனிநபர் பட்டா தருவது மட்டும்தான் இந்தச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவித்துவரும் வன நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, பட்டா கோரலாம் என்பது உண்மை. ஆனால் பல்லுயிர்ப் பாதுகாப்பு என்று பார்க்கும்போது இந்தச் சட்டத்தின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. காலங்காலமாகப் பயன்படுத்திவந்த காட்டைப் பாதுகாக்கவும், மீட்டெடுக்கவும், நிர்வகிக்கவும் ஊருக்கே கூட்டாக உரிமை உண்டு என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. இதைச் சமூக வன வள உரிமை என்கிறார்கள். கடுக்காய், தேன் போன்ற சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையும், பல்லுயிர் தொடர்பான மரபறிவின்மீது சமூகத்துக்கு இருக்கும் உரிமையும் அதே பிரிவில் வருகின்றன. ஐந்தாவது பிரிவு கடமையைப் பேசுகிறது: காட்டையும் விலங்குகளையும் நீரூற்றுகளையும் காக்க உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் அதிகாரம் கொடுக்கிறது.

கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு நேரில் போய் எல்லை பார்த்து, பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி, வரைபடம் போடும். அது கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். தமிழகத்தில் இது மிகத் தாமதமாகவே நகர்ந்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலக் கட்டுப்பாட்டால் பட்டா வழங்கல் பல ஆண்டுகள் தேங்கியது; 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது.

பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் 'பெசா' சட்டத்தைப் பற்றி நாளிதழில் படித்துவிட்டு, அது ஏற்காட்டுக்கும் பொருந்தும் என்று சிலர் நினைப்பதுண்டு. பொருந்தாது. அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டுமே; தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆகவே சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை வன உரிமைச் சட்டத்தின் கிராம சபைதான் மக்கள் கையில் இருக்கும் வலுவான கருவி.

ஊருக்கு ஒரு குழு, ஒரு பதிவேடு

அடுத்து வருவது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். 1992-இல் உருவான ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததன் தொடர்ச்சி இது. அந்த உடன்படிக்கையின் 8-ஆம் விதியின் 'ஜே' பிரிவு, பழங்குடி மற்றும் உள்ளூர்ச் சமூகங்களின் மரபறிவை மதிக்க வேண்டும், அதைப் பயன்படுத்தும்போது அவர்களுடைய ஒப்புதலும் ஈடுபாடும் இருக்க வேண்டும், வரும் பலனில் அவர்களுக்குப் பங்கு சேர வேண்டும் என்கிறது. நம் சட்டம் இதற்காக ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்றது. அந்தக் குழு மக்களைக் கலந்து 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' தயாரிக்க வேண்டும். ஊரின் எல்லைக்குள் இருக்கும் வளங்களைப் பயன்படுத்துவது குறித்துத் தேசியப் பல்லுயிர் ஆணையமோ மாநிலப் பல்லுயிர் வாரியமோ முடிவெடுக்கும்போது, இந்தக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 41-ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. வணிகத்துக்காக வளங்களை எடுத்துப் போகிறவர்களிடம் கட்டணம் வாங்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கடுக்காய் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கடுக்காய் மரம், காட்டில் உண்டு' என்று ஒரு வரி எழுதினால் அது தாவரப் பட்டியல். அதற்கு ஊர் மக்கள் தேவையில்லை. எந்தச் சரிவில் எத்தனை மரங்கள் நிற்கின்றன, எந்த மாதம் காய் விழும், மரத்தை உலுக்கி எடுப்பதா கீழே விழுந்ததைப் பொறுக்குவதா, மறுபடி முளைக்க எவ்வளவு விட்டுவைப்பது என்று ஊரில் ஏதேனும் கட்டுப்பாடு உண்டா, அப்பா காலத்தில் காய்த்த அளவு இப்போது காய்க்கிறதா, வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறார், பிஞ்சுக் கடுக்காயை யார் எந்த நோய்க்குக் கொடுக்கிறார் என்று இவை அத்தனையும் எழுதப்பட்டால்தான் அது மக்கள் பதிவேடு. இதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஒரு பாட்டியாக இருப்பார். அவரோடு இரண்டு பருவமாவது காட்டுக்குள் நடந்தால்தான் எழுத முடியும். ஆனால் நடந்தது வேறு. நாடு முழுவதும் குழு அமைக்கும் பணி மந்தமாக இருந்ததால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்து, தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கெடு நெருங்க நெருங்கப் பல மாநிலங்களில் பதிவேடுகள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. எண்ணிக்கை உயர்ந்தது, பாட்டியோடு யார் நடந்தார் என்பது சந்தேகமே.

குழுவின் அமைப்பிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. 2024-இல் புதிய விதிகள் வரும்வரை இருந்த 2004-ஆம் ஆண்டின் விதிகளின்படி ஒரு தலைவரும் அதிகபட்சம் ஆறு உறுப்பினர்களும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். ஆறு பேரில் 18 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஒருவர். சமவெளியில் இது குறைந்தபட்சப் பாதுகாப்பு. பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள நாகலூரிலும் மாரமங்கலத்திலும் வெள்ளக்கடையிலும் இதே அளவோடு நிறுத்திக்கொண்டால், சொந்த ஊரிலேயே அவர்கள் சிறுபான்மையாகிவிடுவார்கள். அந்த விதி சொன்னது குறைந்தபட்ச அளவு. அதற்குமேல் போக எந்தத் தடையும் இல்லை, போகத்தான் வேண்டும்.

பலனில் பங்கு எப்படி இருக்கும் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் எடுத்துக்காட்டு கேரளத்தின் காணிப் பழங்குடியினர். அகத்திய மலைக்குள் 1987-இல் போன ஆராய்ச்சியாளர்கள், வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாகி, 1995-இல் உற்பத்தி உரிமம் ஒரு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பல்லுயிர்ச் சட்டம் வருவதற்கு முன்பே நடந்த இது உலகம் முழுவதும் பேசப்பட்டது. பிறகு அந்தச் செடியைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறை ஆட்சேபித்ததால் திட்டம் தடுமாறியதும் அதே கதையின் பகுதிதான். பலனில் பங்கு கொடுத்து, காட்டின்மீது உரிமை கொடுக்காவிட்டால், பங்கும் நீடிக்காது.

2023-இல் பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம் போன்ற ஆயுஷ் முறைகளின் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கும், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும், முன்கூட்டித் தெரிவிப்பது, பலனில் பங்கு கொடுப்பது போன்ற கடமைகளிலிருந்து விலக்குகள் கிடைத்தன. சித்த மருத்துவ நூல்களில் கடுக்காய் இல்லாத பக்கம் உண்டா? நூலில் இருப்பது தொகுக்கப்பட்ட அறிவு, மலைமேல் வாயில் இருப்பது தொகுக்கப்படாத அறிவு என்று கோடு போடுவது மிகக் கடினம். அந்தக் கோடு மங்கலாக இருக்கும் வரை இழப்பு மலைமக்களுக்கே என்பது என் உறுதியான கருத்து.

எப்போது கேட்கிறார்கள், எங்கே கேட்கிறார்கள், யார் வரவில்லை

சட்டம் போதுமான அளவு இருக்கிறது. உள்ளடக்கிய பங்கேற்பு என்பது பெரும்பாலும் கூட்டம் நடக்கும் விதத்தில் பிழைக்கிறது அல்லது சாகிறது.

ஆகஸ்ட் 15 காலை ஒரு மலை ஊராட்சியின் கிராம சபையை நினைத்துப் பாருங்கள். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஒரு மேசை. வருகைப் பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்து, கைநாட்டு. ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை வாசிக்கிறார்: குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை, பிளாஸ்டிக் ஒழிப்பு. பதினெட்டாவதாகவோ இருபதாவதாகவோ வனம் தொடர்பான ஒரு பொருள் வருகிறது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஊராட்சியில் குக்கிராமங்கள் மலைமடிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. கடைசி ஊர்க்காரர் நடந்து வந்து நடந்து திரும்ப வேண்டும். காபிப் பழம் பறிக்கும் பருவமாக இருந்தால், வேறொரு நாளில் வைக்கும் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். பெண்கள் வந்திருப்பார்கள், ஓரமாக. காட்டுக்குள் அன்றாடம் போவது அவர்கள்தான். விறகு, புல், கிழங்கு, கீரை, ஊற்று நீர் எல்லாமே அவர்களுடைய வேலை. ஓர் ஊற்று எந்த ஆண்டு முதல் வற்றத் தொடங்கியது என்று தேதி சொல்லக்கூடியவர்கள் அவர்கள். மேசைக்கு அருகில் நின்று பேசுவது வேறு யாரோ.

வழக்கமான கிராம சபைக்கு, 3,001 முதல் 10,000 பேர் உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால் போதும். வன உரிமைச் சட்டத்தின் விதிகளோ, கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டும் கிராம சபைதான். ஆனால் முன்னதின் தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரியாக எழுதியதைப் பின்னதின் சம்மதம் என்று காட்ட முடியாது. இந்த வேறுபாட்டை ஊரில் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பழங்குடியினர் அல்லாதவர்களையும் மறக்கக் கூடாது. சமவெளியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் தோட்ட வேலைக்கு வந்து, தோட்டக் குடியிருப்புகளிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் இந்த மலையில் உண்டு. பழங்குடி அல்லாத மரபுவழி வனவாசிகள் என்று உரிமை கோர 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரு ரேஷன் அட்டைக்கே அலைந்தவர்களால் அது முடிகிற காரியமா? ஊரே சேர்ந்து கேட்டாலும், நிலமற்றவர், மாற்றுத் திறனாளி, தனியாக வாழும் பெண் ஆகியோர் கேட்பது ஊரின் குரலுக்குள் அமுங்கிப்போகலாம். 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் ஏற்கப்பட்ட குன்மிங்-மான்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் செயல்திட்டத்தின் 22-ஆம் இலக்கு பழங்குடியினரோடு நிறுத்தாமல் பெண்கள், இளைஞர்கள், மாற்றுத் திறனாளிகள் என்று தனித்தனியே குறிப்பிடுவது இதனால்தான். அதே திட்டத்தின் 3-ஆம் இலக்கு 2030-க்குள் நிலம், கடல் இரண்டிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது. கூடவே பழங்குடியினரின் உரிமைகளை மதித்துச் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் நிறைவேற்றினால், 1882 மறுபடியும் நடக்கும்.

எப்போது கேட்கிறார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். அடித்தளம் போட்டுச் சுவர் எழுப்பிய பிறகு, கதவுக்கு எந்த வண்ணம் வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கேட்பது போன்ற கருத்துக் கேட்புகள் இங்கே ஏராளம். மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியில் நடந்தது அதுகூட இல்லை. சமணப் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அரிய பறவைகளும் உள்ள அந்தக் குன்றுப் பகுதியில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் தலம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தத் தலத்தின் ஒரு பகுதியும் அடங்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு வெளியானது. ஊர் மக்கள் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு போனார்கள், சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் வென்றார்கள், மகிழ்ச்சி. ஆனால் முன்கூட்டியே கேட்டிருந்தால் அத்தனை பேர் வேலையை விட்டுத் தெருவில் நின்றிருக்க வேண்டியதில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி சாட்சி. அங்கே டோங்ரியா கோண்ட் மக்கள் தெய்வமாக வணங்கும் மலையில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவை வெட்டத் திட்டம் இருந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகள் உட்பட அனைத்தையும் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது. 12 ஊர்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது.

சேர்வராயன் மலையின் உச்சியிலும் பாக்சைட் உண்டு. சேர்வராயனும் மலையுச்சிக் குகையில் குடிகொண்ட தெய்வம்தான். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் பாக்சைட் வெட்டப்பட்ட காலத்தில் வன உரிமைச் சட்டமும் இல்லை, நியம்கிரித் தீர்ப்பும் இல்லை. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து ஊற்றுகளுக்குக் கொடுப்பது மலையுச்சியின் அந்தத் துளைமண் அடுக்குதான். அதைத் தோண்டினால் கீழே எந்தக் கிணறு வற்றும் என்று கீழே இருப்பவர்களைக் கேட்க அன்று எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. இனி ஒரு திட்டம் வந்தால் கேட்டாக வேண்டும். அதிலும் ஒரு தளர்வு வந்திருக்கிறது: வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசு ஒப்புதல் தரும் முன்பே கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்ற 2009-ஆம் ஆண்டின் நிபந்தனை, 2022-இன் வனப் பாதுகாப்பு விதிகளில் விடுபட்டது. மக்களின் வன உரிமைகளைத் தீர்மானித்து உறுதிசெய்யும் பொறுப்பு பிந்தைய கட்டத்துக்கு, மாநில அரசின் தலையில் தள்ளப்பட்டது.

மக்கள் கையில் கொடுத்தால் காடு மிஞ்சுமா என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. எல்லா ஊரும் ஒற்றுமையாக இருப்பதில்லை. ஒப்பந்ததாரர் சொல்படி கை தூக்கும் கிராம சபையும் இருக்கலாம். காட்டெருமை தோட்டத்துக்குள் வந்து பயிரை மிதித்த மறுநாள், காட்டெருமையைக் காப்பது பற்றி யாரும் அன்போடு பேச மாட்டார்கள். அந்தக் கோபத்தையும் கூட்டத்தில் சொல்ல இடம் கொடுத்து, இழப்பீட்டைத் தாமதமின்றிக் கொடுத்தால்தான் விலங்கும் பிழைக்கும். வனத்துறையின் கணக்கெடுப்பும், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தின் அறிவும் அவசியம் தேவை. அந்த அறிவு கிராம சபையின் முன், அங்கே புரியும் தமிழில், முடிவெடுப்பதற்கு முன்பு வைக்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கை.

இதைப் படிப்பவர் மலையில் இல்லாமல் சேலம் நகரில் இருந்தாலும் இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. பல்லுயிர் மேலாண்மைக் குழு மாநகராட்சிக்கும் உண்டு, பேரூராட்சிக்கும் உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குத் தண்ணீர் வருவது சேர்வராயன் மலைச்சரிவிலிருந்துதான். உங்கள் உள்ளாட்சியின் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள், பதிவேட்டில் மூக்கனேரியின் பறவைகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. வன உரிமைக் குழுவின் பெயர்ப்பட்டியலையும் பல்லுயிர்ப் பதிவேட்டையும் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். விடுபட்ட மரம் எது, விடுபட்ட ஊற்று எது, விடுபட்ட ஆள் யார் என்று கூட்டத்தில் இருப்பவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.